சரணடைந்தோரின் சாவும் தமிழ் இலக்கிய மரபும்

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலிய கரையோர ஊர்களின் மையவாடிகளிலே அடக்கப்பட்டவரின் தலைமாட்டில் நாட்டப்படும் கட்டையை அல்லது கல்லை மீஸான் என்பர். அதிலே பெரும்பாலும் பெயர் இராது. ஆயினும் இது வாப்பாவுடையது, இது வாப்பாவின் வாப்பாவுடையது என்று குடும்பத்தவர் பிழையின்றி அறிவர். பெருநாள் தொழுகை முடிந்து வரும் ஆண்கள் அங்கே சிறிது நேரம் நின்று துஆ ஓதிச் செல்வர். இவ்வூர்களிலே சில குடும்பங்களுக்கு அவ்வாறு நிற்பதற்கு ஓர் இடம் இல்லை. அவர்களுடைய வாப்பா, அல்லது இன்றைய இளைஞர்களைப் பொறுத்தவரை வாப்பாவின் வாப்பா, பொலிஸ் சேவையில் இருந்தவர், 1990 ஜூனில் மேலிடத்துக் கட்டளைப்படி ஆயுதத்தை ஒப்படைத்துக் கைதியானவர், கைதியாகவே கொல்லப்பட்டவர்.

நிகழ்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் இலங்கையை விட்டு நீங்கியது. பிரேமதாச அரசாங்கத்துக்கும் தமிழீழ விடுதலைப் புலிகளுக்குமிடையே ஓராண்டுக்கு மேல் நீடித்த பேச்சுவார்த்தை அவ்வாண்டு ஜூன் இரண்டாம் வாரத்திலே முறிந்தது. ஜூன் 11ஆம் திகதி கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்கள் சுற்றிவளைக்கப்பட்டன. எதிர்த்து நிற்காது சரணடையுமாறு கொழும்பிலிருந்து கட்டளை வந்தது. உயிருக்குப் பங்கமின்றி வெளியேற விடப்படுவர் என்ற உறுதியும் உடன் வந்தது. அவ்வுறுதியை நம்பி வெளியே வந்தோரில் அறுநூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் கணக்கு. அவர்களிற் பலர் திருக்கோவிலை அடுத்த ரூபஸ்குளப் பகுதியிலே சுட்டுக்கொல்லப்பட்டனர். சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுள் அடங்குவர். அதே மாதத்திலே இராணுவம் கல்முனைக்குள் மீண்டும் நுழைந்தபோது அவ்வூர்த் தமிழ் மக்கள் பலர் கொல்லப்பட்டனர் என்பதையும் இவ்விடத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஒரு சாவைச் சொல்லுமிடத்து மற்றச் சாவை மறைப்பது இக்கரையிலே பழகிப்போன ஒரு வழக்கம். இக்கட்டுரை அவ்வழக்கத்தைப் பின்பற்ற விரும்பவில்லை.

வரலாற்றாய்வு இங்கு நம் நோக்கமன்று. போரிலே கைதியாகி இறந்தவனைத் தமிழ் இலக்கியம் எவ்வாறு நோக்கி வந்துள்ளது, எத்தகைய கைதி அதன் கண்ணிற்பட்டான், எத்தகையவன் படவில்லை, அதற்கான சமூகக் காரணம் யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன. பொலிஸ்காரனைப் போர்க்கைதி எனலாமா என்று சட்டமறிந்தோர் கேட்கக்கூடும். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைகள் நான்கிற்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் ஆயுதத்தைக் கீழே வைத்தவனைக் கொல்லுதலாகாது என விதிக்கின்றது. இலக்கிய விமரிசனத்துக்கு அவ்வளவு வரைவிலக்கணம் போதுமானது.

நமது பழைய இலக்கியம் போரிலே மடிந்தவனுக்கு இடங்கொடுத்த அளவு உலகிற் பிற இலக்கியங்கள் கொடுத்தனவோ என்பது ஐயம். பேராசிரியர் கைலாசபதி 1968இல் வெளியிட்ட தமது ஆங்கில நூலிலே சங்கப் பாடல்களை வீரயுகப் பாடல்களாகக் கண்டு பிற நாட்டு வீரப்பாடல்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். வீரயுகத்தின் அறம் எளிமையானது. மார்பிற் புண்பட்டு வீழ்ந்தவனுக்கு நடுகல் உண்டு, பெயரும் பீடும் எழுதப்படும், மயிற்பீலி சூட்டப்படும், கள் படைக்கப்படும். முதுகிற் புண்பட்டவனுக்கு நாண் உண்டு. வெண்ணிப் போரிலே புறப்புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் வடக்கிருந்து உயிர்விட்டே தன் மானத்தை மீட்க வேண்டியிருந்தது. இவ்வறத்திலே சரணடைந்தவனுக்குரிய இடம் என்ன என்ற வினாவுக்கு ஒரே ஒரு பாடல் விடைகூறுகின்றது. அதுவே புறநானூற்றின் எழுபத்துநான்காம் பாடல்.

சேரமான் கணைக்கால் இரும்பொறை சோழன் செங்கணானோடு பொருது தோற்றான், குடவாயிற் கோட்டத்துச் சிறையிலே கிடந்தான், தண்ணீர் கேட்டான், அது காலந்தாழ்த்துக் கொடுக்கப்பட்டது, பருகாது, பாடலொன்றைச் சொல்லித் துஞ்சினான். பாடலின் அடிக்குறிப்பு நமக்குத் தரும் செய்தி இது. கைதியின் குரலிலேயே அமைந்த பாடல் நமது மரபின் தொடக்கத்திலேயே இருக்கின்றது என்பது பெருமைக்குரியதே. ஆயினும் அதன் உள்ளீட்டை நோக்குவோமாயின், சிறைப்பட்டதன் துன்பம் அதிலே பேசப்படவில்லை. பேசப்படுவது குடிப்பிறப்பின் மானம். சங்கிலியிற் கட்டுண்ட நாயைப்போலக் கிடந்து, பகைவரிடம் இரந்து தண்ணீர் பெற்றுண்ணும் நிலை ஓர் அரசனுக்கு அடாது என்பதே அவன் கூற்று. தண்ணீரை மறுத்துச் சாவதால் அவன் கைதி என்ற நிலையினின்று நீங்கி மீண்டும் மன்னனாகின்றான். மறுக்கும் உரிமையே அவனைப் பாடலுக்கு உரியவனாக்கிற்று. அப்போரிலே அவனோடு பிடிபட்ட சேரநாட்டுப் படைஞர் தண்ணீர் கேட்டனரா, கிடைத்ததா, பருகினரா என்பதுபற்றி மரபுக்கு அக்கறை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர் இப்பாடலைக் கற்பித்துக்கொண்டிருந்தபோது கரையோர ஊரொன்றைச் சேர்ந்த மாணவி ஒருவர், தண்ணீரைத் தாமதித்துக் கொண்டுவந்த சிறைக்காவலன் யார் என்று கேட்டார். வகுப்பிலே சிரிப்பெழுந்தது. சிரித்தது தவறு என்பது எனக்குப் பின்னரே புலப்பட்டது. அரசனின் மானத்துக்கும் அரசனின் பகைக்கும் இடையிலே செம்பைத் தூக்கிக்கொண்டு நடந்த அக்கூலிச் சேவகன் பாடலுக்கு உள்ளே இருக்கின்றான்; ஆனால் அவனுக்குப் பெயரில்லை. பிற்காலத்திலே பொலிஸ்காரன் என்று பெயர்பெறப்போகும் மனிதனின் முன்னோன் அவன்.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது களவழி நாற்பது. பொய்கையார் செங்கணானின் போர்க்களத்தைப் பாடி, பரிசிலாகச் சேரமானின் விடுதலையைப் பெற்றார் என்பது ஒரு மரபு. இரும்பொறை சிறையிலேயே இறந்தான் என்னும் புறநானூற்றுக் குறிப்போடு இது பொருந்தாமை பலராலும் சுட்டப்பட்டுள்ளது. நமக்கு வேண்டியது வேறொன்று. கைதி ஒருவனின் விடுதலைக்காகப் பாடப்பட்டதெனப்படும் அந்நூலிலே சிறையுமில்லை, சிறைப்பட்டவனின் துயருமில்லை. குருதிச் சேறும் வீழ்ந்த யானைகளும் வென்றவனின் புகழுமே உள்ளன. கைதியைப் பற்றிப் பேச வேண்டுமாயின் முதலில் வென்றவனைப் பாடியாக வேண்டும் என்ற நிலை அன்றே இருந்தது போலும்!

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் இலக்கியப் பயிற்சி இம்மரபோடு இன்னொன்றையும் உடன்கொண்டது. சீறாப்புராணமும் படைப்போர் இலக்கியங்களும் இவ்வூர்களிலே ஓதப்பட்டும் கேட்கப்பட்டும் வந்தவை. படைப்போர் என்னும் வகை வீரயுக அறத்தைத் தமிழ்ச் செய்யுளின் வழியாகவே இஸ்லாமிய வரலாற்றுக்குப் பொருத்தியது. ஆதலின் அங்கும் களத்திலே வீழ்ந்தவனே காவிய நாயகன். ஆனால் மத்ரஸாச் சிறுவரும் அறிந்த வரலாறொன்று இவ்வறத்துக்குப் புறம்பாக நிற்கின்றது. ஹிஜ்ரி நான்காம் ஆண்டிலே, அதாவது கி.பி. 625இல், ரஜீஃ என்ற இடத்திலே நபித்தோழர் சிலர் சுற்றிவளைக்கப்பட்டனர். இறங்கி வந்தால் கொல்லமாட்டோம் என்று எதிரிகள் உறுதியளித்தனர். அவ்வுறுதியை ஏற்க மறுத்த ஆஸிம் போரிட்டு இறந்தார். குபைப் முதலிய மூவர் உறுதியை நம்பி இறங்கினர். அவர்கள் கட்டப்பட்டனர்; ஒருவர் வழியிலேயே கொல்லப்பட, எஞ்சிய இருவரும் மக்காவிலே விற்கப்பட்டுப் பின்னர் கொல்லப்பட்டனர். கொல்லப்படுமுன் குபைப் இரண்டு றக்அத்துத் தொழுதார். அவருக்காகக் கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் இரங்கற்பா பாடினார்.

இவ்வரலாற்றிலே நம் ஆய்வுக்கு இன்றியமையாத ஒரு கூறு உண்டு. போரிட்டு மடிந்த ஆஸிமும் நம்பிச் சரணடைந்து மடிந்த குபைபும் ஒரே வரிசையில் வைத்தே நினைக்கப்படுகின்றனர். நம்பியது குற்றமாகக் கருதப்படவில்லை. நம்பிக்கையை முறித்ததே குற்றமாகக் கருதப்பட்டது. கைதிக்கு உணவளிப்பதைக் குர்ஆன் நல்லடியாரின் பண்புகளுள் ஒன்றாக எண்ணுவதும் (76:8) குடவாயிற் சிறையின் தண்ணீரை நினைவூட்டும். எனவே சரணடைந்து இறந்தவனுக்கு இரங்கற்பா பாடுவதற்கான இலக்கிய முன்மாதிரி இக்கரையின் எழுத்தாளர் கைக்கெட்டிய தூரத்திலேயே இருந்தது. அது எடுத்தாளப்படாமைக்கு மரபின் வறுமையைக் காரணமாகக் கூறவியலாது.

தற்காலப் புனைகதைக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரிலே யப்பானியரின் பிடியிற் சிக்கி மாண்ட தமிழரின் தொகை மிகப்பெரிது. சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942இலே தொடங்கி 1943 ஒக்ரோபர் 17இல் இணைத்து முடிக்கப்பட்ட 415 கிலோமீற்றர்ப் புகையிரதப் பாதையிலே ஏறத்தாழ 60,000 நேச நாட்டுப் போர்க்கைதிகள் வேலை வாங்கப்பட்டு, அவர்களுள் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். அவர்களோடு ஒப்பிடுமிடத்துப் பன்மடங்கினரான ஆசியத் தொழிலாளர் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். ஏறத்தாழ 90,000 பேர் மடிந்தனர் என்பது ஒரு மதிப்பீடு. மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட தமிழர் அவர்களுட் கணிசமானோர். காஞ்சனபுரியின் போர்க் கல்லறைத் தோட்டத்திலே ஏறத்தாழ 7,000 படைவீரர் அடக்கப்பட்டுள்ளனர், தலைக்கொரு கல்லுண்டு, பெரும்பாலானவற்றிலே பெயரும் படைப்பிரிவும் வயதும் பொறிக்கப்பட்டுள்ளன. தொழிலாளருக்கு அவ்வாறு எதுவும் செய்யப்படவில்லை. ஒருவன் போர்க்கைதி, மற்றவன் கூலி. பாதையும் ஒன்று, கொள்ளை நோயும் ஒன்று.

ப. சிங்காரம் இக்காலத்தைத் தன் களமாகக் கொண்டவர். ‘கடலுக்கு அப்பால்’ (1959), ‘புயலிலே ஒரு தோணி’ (1972) ஆகிய இரு நாவல்களும் யப்பானியர் ஆட்சியின் தென்கிழக்காசியாவைத் தமிழ் வாசகனுக்கு முதன்முதலாக முழு உருவிலே காட்டின. எனினும் சிங்காரத்தின் உலகம் வட்டிக்கடையின் அடுத்தாள், பெட்டியடிப் பையன், இந்திய தேசிய இராணுவத்தின் இளம் அதிகாரி ஆகியோரின் உலகம். அவர்கள் துணிந்து செயற்படுபவர், முடிவெடுப்பவர். தோட்டத்து வரிசை வீட்டிலிருந்து லொறியிலே ஏற்றப்பட்டவன் அவ்வுலகின் விளிம்பிலேயே நிற்கின்றான். அவனை நடுவே கொண்டுவந்தவர்கள் மலேசிய எழுத்தாளர்கள். ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ 1993இலும், அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இலும் வெளிவந்தன. கலைநயத்திலே சிங்காரத்தோடு இவற்றை ஒப்பிட முடியாது என்பது உண்மையே. ஆனால் ஐம்பது, அறுபது ஆண்டுகளாக மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் பாட்டிமார் வாயிலே மட்டும் இருந்த ஒன்றை இவை நூலாக்கின. இரண்டாவது நாவலின் தலைப்பே ஒரு வழக்காடல்: கல்லால் ஆன சின்னம் இல்லாதவர்க்கு எழுத்தாலான சின்னம். 2023இலே காஞ்சனபுரியில் அத்தமிழ்த் தொழிலாளருக்கென ஒரு நடுகல் நாட்டப்பட்டது. களத்திலே வீழாதவனுக்கும், வாளையே தொடாதவனுக்கும் நடுகல் உண்டு என்று இரண்டாயிரமாண்டு மரபு திருத்தப்பட்ட தருணம் அது. நாவல்கள் முன்னே சென்றன, கல் பின்னே வந்தது என்பது இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டிய ஒழுங்கு.

ஈழத்துக்கு மீள்வோமாயின், கைதியின் மரணம் இங்கே பேசப்படாத பொருளன்று. 1983 ஜூலை 25, 27 ஆகிய இரு தினங்களிலே வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ் அரசியற் கைதிகள் கொல்லப்பட்டமை தமிழ்க் கவிதையின் போக்கையே மாற்றிய நிகழ்ச்சிகளுள் ஒன்று. 1985இல் வெளிவந்த ‘மரணத்துள் வாழ்வோம்’ தொகுதி அக்காலத்தின் அச்சத்தையும் சினத்தையும் ஒருங்கே தாங்கி நிற்கின்றது. அதே ஆண்டிலே கோவிந்தன் ‘புதியதோர் உலகம்’ நாவலில், இயக்கத்தின் சொந்தத் தோழர்களே இயக்கத்தின் முகாம்களிற் கைதிகளாகிச் சித்திரவதைப்பட்டுச் செத்ததை எழுதினார். தன் தரப்பின் சிறைகளையும் திறந்து பார்க்கும் துணிவு தமிழ் நாவலுக்கு அப்பொழுதே இருந்தது. 1991இலே கவிஞர் செல்வி விடுதலைப் புலிகளாற் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பாதபோது அதைக் கண்டித்துக் குரல் எழுப்பியோரும் தமிழ் எழுத்தாளரே. ஷோபாசக்தியின் ‘ம்’ (2004) வெலிக்கடையைப் பின்னணியாகக் கொண்டதெனினும், தப்பிப் பிழைத்த கைதியைத் தூயவனாக்கவில்லை. வதைக்கு உடைந்தவனாகவும், பிற்காலத்திலே தானே வதைப்பவனாகவும் காட்டிற்று. தியாகியென்ற முகமூடியைக் கழற்றிய பின்னரும் கைதியின் மீது நாம் அக்கறை கொள்ள முடியும் என்று நிறுவிய வகையிலே அது முக்கியமான நாவல்.

இவ்வளவு வளமான ஒரு தொடரிலே 1990 ஜூனின் கைதி ஏன் இல்லை? தமிழ்ப் புனைகதையின் நடுவோட்டத்திலே திருக்கோவிற் காடு ஒரு களமாகவில்லை. இவ்வினாவே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

உடனடியாகத் தோன்றும் விடை, அவன் பொலிஸ்காரன் என்பது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் அனுபவத்துக்குப் பின்னர் தமிழ் எழுத்தாளனுக்குப் பொலிஸ் என்ற சொல்லே அடக்குமுறையின் மறுபெயராயிற்று. யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டபோது ஊரிலே நின்றவர்கள் பொலிசார். அதற்காகப் ‘புத்தரின் படுகொலை’யை எழுதிய எம்.ஏ. நுஃமான் கல்முனைக்குடியைச் சேர்ந்தவர் என்பதும் இங்கு மனங்கொளத்தக்கது. எனவே சீருடைக்குள் இருந்த மனிதனைக் காண்பதற்கு எழுத்தாளன் தன் நியாயமான சினத்தையே கடந்துவர வேண்டியிருந்தது. அது இலகுவானதன்று. ஆனால் முற்போக்கு இலக்கியம் எனப்படுவது சீருடையை ஒரு வர்க்க உறவாகவும் நோக்கக் கடமைப்பட்டது. இக்கரையிலே வயல் உடைமையாளனுக்குப் பிள்ளையை உயர்கல்விக்கு அனுப்ப வழியிருந்தது. குத்தகை விவசாயி, கரைவலை இழுப்பவன், மருதமுனைத் தறிகாரன் ஆகியோரின் மகனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உள்ள அரச வேலை என்பது தலைமுறையின் தலைவிதியை மாற்றும் ஒன்று. 1956இன் மொழிச்சட்டத்துக்குப் பின்னர் அவன் சிங்களமும் கற்றாக வேண்டும். முறைப்பாட்டைத் தமிழிலே சொல்ல வரும் ஏழைக்கும் சிங்களத்திலே எழுதும் நிலையத்துக்கும் இடையில் நின்றவன் அவனே. அதே ஊர்களின் இளைஞர் சிலர் அதே எண்பதுகளிலே தமிழ் இயக்கங்களிற் சேர்ந்திருந்தனர் என்பதையும் மறத்தலாகாது. ஒரே ஒழுங்கையிலே ஒருவன் சீருடை அணிந்தான், மற்றவன் இயக்கத்துக்குப் போனான். இதைவிடச் சிறந்த நாவற்பொருள் எது?

அரச தரப்பின் நினைவுமரபிலும் அவன் சரிவரப் பொருந்தவில்லை. ‘ரணவிரு’ என்ற சிங்களச் சொல் களத்திலே பொருதவனைக் குறிப்பது. அதுவும் ஒருவகை வீரயுகச் சொல்லே. போராடி மடிந்தவனைப் புகழலாம். போராட வேண்டாமென்று தானே கட்டளையிட்டுக் கையளித்தவனைப் புகழுமிடத்து, கட்டளையிட்டவன் யார் என்ற வினா எழுந்துவிடும். ஆதலின் அவன் தொகைக் கணக்கிலே நினைக்கப்படுகின்றான். அறுநூறு என்ற எண்ணுக்குள் அடக்கப்படுகின்றான். அந்த எண்ணும் பெரும்பாலும் எதிரியின் கொடுமைக்குச் சான்றாகவே எடுத்தாளப்படுகின்றது. அறுநூறிலே தமிழிலே பிரார்த்தித்து, தமிழிலே தாயை அழைத்து இறந்தவர்களும் உண்டென்பது அக்கணக்கிலே தெரிவதில்லை.

இனி, முஸ்லிம்களின் எழுத்தையே நோக்குவோம். இங்கேதான் என் கருத்து சிலருக்கு மாறுபாடாகத் தோன்றலாம். 1990 ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலே தொழுகையில் நின்றோர் கொல்லப்பட்டனர். ஒன்பது நாள்களுக்குள் ஏறாவூரிலே பச்சிளங் குழந்தைகளும் வெட்டிக்கொல்லப்பட்டனர். ஒக்ரோபரிலே வடமாகாண முஸ்லிம்கள் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தொண்ணூறுகளின் கிழக்கிலங்கை முஸ்லிம் கவிதை இவற்றிலிருந்தே தன் குரலைப் பெற்றது. கல்முனையின் சோலைக்கிளி ‘எட்டாவது நரகம்’ (1988) முதல் ‘பாம்பு நரம்பு மனிதன்’ (1995) வரை எழுதியவற்றிலே பறவையும் விலங்கும் மரமும் அச்சத்தைச் சுமந்து திரிகின்றன; தமிழ்க் கவிதையிலே அதற்குமுன் காணாத ஒரு படிமவுலகம் அது. மீஸான் கட்டை என்ற சொல் கவிதைத் தொகுதி ஒன்றின் பெயரிலேயே இடம்பெறும் அளவுக்கு அக்காலக் கவிதை மையவாடியை நோக்கி நின்றது. ஆயினும் இக்கவிதையின் நடுவே நிற்பவர் தொழுதுகொண்டிருந்தவர், உறங்கிக்கொண்டிருந்தவர், வயிற்றிலே பிள்ளையோடிருந்தவர். முற்றிலும் குற்றமற்றவர். குற்றமற்றவரின் சாவுக்கு இரங்க விளக்கம் வேண்டியதில்லை. பொலிஸ்காரனின் சாவுக்கு இரங்குவதாயின் விளக்கம் வேண்டும்: அவன் ஏன் அங்கிருந்தான், அதற்கு முன் என்ன செய்தான், யாரை அடித்தான், யாரைக் காப்பாற்றினான். ஜூனில் இறந்தவன் ஓகஸ்டில் இறந்தோரின் பின்னே மறைந்துபோனமைக்கு இதுவே காரணம் என்று கருதுகின்றேன். ஓகஸ்டின் பேரழிவு அவ்வளவு பெரிதாயிருந்தது என்பதும் உண்மை. ஆனால் துயரைக் குற்றமின்மையோடு மட்டும் பிணைத்துவிடும் இலக்கியம், சிக்கலான மனிதனை எழுதும் ஆற்றலை இழக்கத் தொடங்குகின்றது. வீரமுனையிலும் சத்துருக்கொண்டானிலும் அதே ஓகஸ்ட், செப்டெம்பர் மாதங்களிலே கொல்லப்பட்ட தமிழரை இக்கவிதை பெரிதும் காணாது போனமைக்கும் இதற்கும் உறவு உண்டு.

இதற்கு மாற்றாகச் சிலர் இன்று முன்வைக்கும் ஒன்றையும் நான் ஏற்பதற்கில்லை. கொல்லப்பட்ட பொலிசாரை மாவீரர்க்கு எதிர்நிலை மாவீரராக, சமூகத்தின் காவலராகப் பாடும் மேடைக் கவிதைகள் அவை. அவை புறநானூற்று மன்னனின் மானத்தை ஒரு கான்ஸ்டபிளுக்கு அணிவிக்க முயல்கின்றன. அம்மனிதன் வாளேந்தி வீழவில்லை. தண்ணீரை மறுக்கவும் இல்லை. கிடைத்திருந்தால் குடித்திருப்பான். வீட்டுக்குப் போக முடியும் என்று நம்பினான். அந்நம்பிக்கையை அவமானமாக எண்ணுவதனாலன்றோ வீரம் என்ற திரையை அதன்மேற் போட வேண்டியிருக்கின்றது? குபைபின் வரலாற்றை அறிந்த சமூகத்துக்கு அத்திரை தேவையில்லை.

இவ்விடத்திலே 2009 மேயின் நினைவு வராமற் போகாது. முள்ளிவாய்க்காலின் இறுதி நாள்களிலே, வெள்ளைக்கொடி பற்றியும் பொதுமன்னிப்புப் பற்றியும் சொல்லப்பட்டதை நம்பி, உறவினர் கண்முன்னே இராணுவத்திடம் தம்மை ஒப்படைத்தோர் பலர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய தாய்மார் 2017 முதல் வீதியோரக் கொட்டில்களிலே படங்களை ஏந்தி இருந்தனர். அத்தாய்மாரின் நிலையும், மீஸான் இல்லாத கரையோரக் குடும்பங்களின் நிலையும் அடிப்படையில் ஒன்றே. கொடுத்தவன் வேறு, கொன்றவன் வேறு. நம்பச் சொன்ன வாக்கு ஒன்று. இவ்விரண்டையும் ஒரே நூலுக்குள் வைத்து எழுதத் துணிபவன் இரு பக்கத்தாரிடமும் ஏச்சு வாங்குவான் என்பதில் ஐயமில்லை. வெலிக்கடையையும் முகாம்களின் வதையையும் எழுதிய மொழிக்கு அது இயலாத காரியமன்று.

அத்தகைய நூல் எங்கே தொடங்கலாம் என்று ஒரு விமரிசகன் சொல்வது மிகையாகலாம். எனினும் ஒன்றைக் குறிப்பிடுகின்றேன். கணவன் இறந்தால் மனைவி நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்க வேண்டும். அதற்கு இறந்த நாள் தெரிந்தாக வேண்டும். ஆள் காணாமற் போயிருப்பின் சட்டநூல்கள் அவனை மஃப்கூத் என்று வகுக்கும். ஷாபி மத்ஹபிலே இதுபற்றி இமாமின் பழைய கருத்து நான்கு ஆண்டு காத்திருக்குமாறும், புதிய கருத்து மரணம் உறுதிப்படும்வரை காத்திருக்குமாறும் கூறும். பொலிஸ் நிலையத்திலிருந்து பஸ்ஸிலே ஏற்றிச் செல்லப்பட்டார் என்பதுவரை மட்டுமே அறிந்த ஒரு பெண், ஜூன் 11இலிருந்து எண்ணுவதா, செய்தி காதில் விழுந்த நாளிலிருந்து எண்ணுவதா, அரசாங்கத்தின் மரணச் சான்றிதழ் கைக்குக் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதா என்று மௌலவியிடம் ஆளனுப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அவர் கிதாபைப் புரட்டிப் பார்த்துவிட்டு நாளை சொல்கிறேன் என்று ஆளைத் திருப்பி அனுப்பக்கூடும். அந்த ஓர் இரவு போதும், ஒரு நாவலுக்கு.